உயிர் காத்த கத்தியும் மானம் காத்த பையும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கத்தி பிடித்த கையையே போற்றுவர். எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த அறுவை மருத்துவர் முதன்முதலாக வயிற்றைத் திறந்தார் என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. வயிற்றில் புதியதொரு வாயிலோடு வீடு திரும்பியவர் மறுநாள் காலையில் எவ்வாறு குளித்தார், எவ்வாறு உடுத்தார், எவ்வாறு பிறரோடு பந்தியில் அமர்ந்தார் என்பது ஏட்டில் எளிதில் ஏறுவதில்லை. இன்று நாம் சொல்லப் புகுவது இந்த இரண்டாவது வரலாற்றை. அதன் நாயகன் ஒரு சிறு பை. நாகரிகமாகப் பேசத் தகாத பொருள் என்று சிலர் கருதக்கூடும். பேசாமல் விட்டதனாலேயே எத்தனையோ பேர் இருட்டறையில் கிடந்து வருந்தினர் என்பதை எண்ணும்போது, பேசுவதே நாகரிகம் என்று நமக்குத் தோன்றுகிறது.

மலக்குடலில் புற்றுநோய் கண்டாலோ, குடல் அடைபட்டாலோ, காயத்தால் கிழிபட்டாலோ, மருத்துவர் பெருங்குடலின் ஒரு முனையை வயிற்றின் மேற்புறத்துக்குக் கொணர்ந்து, தோலோடு இணைத்துத் தைத்துவிடுகிறார். கழிவு அவ்வழியே வெளியேறும். இந்தச் சிகிச்சைக்குக் கொலாஸ்டமி என்று பெயர். அவ்வாறு அமைந்த வாயிலை ஸ்டோமா என்பர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு வாய் என்றே பொருள். சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். பின்னர் குடலை மீண்டும் இணைத்துவிடுவார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதற்கும். இவ்வாயிலுக்குத் தசைக்கட்டு இல்லை. ஆகவே அடக்கவும் விடவும் நம் விருப்பத்துக்கு இடமில்லை. இங்கேதான் பையின் தேவை பிறக்கிறது.

இப்பொருளில் நம் கவனம் சென்றதற்கு மட்டாஞ்சேரியில் வாழ்ந்த ஒரு பெரியவர் காரணம். கொச்சியின் பழைய கடைத்தெருவான மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏலமும் அடைந்து கிடக்கும் கிடங்குகள் வரிசையாக உண்டு. கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் தமிழும் அத்தெருவில் ஒன்றோடொன்று தோள் உரசி நடக்கும். அத்தகைய கிடங்கு ஒன்றில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர் அப்பெரியவர். பேசுவது தமிழும் மலையாளமும். படிப்பது தமிழ் மட்டுமே. எழுபது வயதை எட்டிய பிறகு அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. அறுவை நன்கு முடிந்தது, உயிர் பிழைத்தது, வயிற்றின் இடப்பக்கம் நிலையான ஸ்டோமா ஒன்று அமைந்தது. ஆயினும் வீடு திரும்பிய நாள்முதல் அவர் திண்ணைக்கு வரவில்லை. மாலையில் காயலோரம் நடக்கும் வழக்கம் நின்றது. உறவினர் வீட்டு மணத்துக்கும் போகவில்லை.

நாம் சென்று பார்த்தபோது அவர் சொன்னது இன்றும் நம் செவியில் இருக்கிறது. “தம்பி, நாற்பது வருஷம் மிளகு வாசனையில் இருந்தவன் நான். இப்போது பக்கத்தில் வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்களா என்று பார்ப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று.” பை அடிக்கடி கசிந்தது, தோல் புண்ணாயிற்று, பையின் மேல் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அறையிலேயே இருந்தார். மருத்துவமனையில் பையைக் கொடுத்தனர். அதனை வீட்டில் எப்படிப் பொருத்துவது என்று உட்கார்ந்து சொல்லித்தர அன்று யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. பையோடு வந்த குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நம்மிடம் அவர் அதை நீட்டி, “இதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்” என்றார். அந்த ஒரு தாளை எழுதப் புகுந்தபோதுதான் அதன் பின்னே முந்நூறு ஆண்டு வரலாறு கிடப்பதைக் கண்டோம்.

அவ்வரலாறு 1710ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தொடங்குகிறது. அலெக்சிஸ் லித்ரே என்னும் பிரெஞ்சு மருத்துவர், பிறந்து 6 நாளில் இறந்த குழந்தை ஒன்றின் உடலை ஆராய்ந்தார். அக்குழந்தையின் மலக்குடல் வழியின்றி மூடிக் கிடந்தது. குடலின் மேல் முனையை வயிற்றின் புறத்துக்குக் கொணர்ந்து திறந்துவிட்டிருந்தால் இத்தகைய குழந்தை பிழைத்திருக்கும் என்று அவர் எழுதினார். அவர் எழுதியதோடு சரி, செய்து பார்க்கவில்லை. 66 ஆண்டுகள் சென்றபின், 1776இல், ரூவான் நகரத்து அறுவை மருத்துவர் பில்லோர் அதனைச் செய்தார். நோயாளி ஒரு மது வணிகர். மலக்குடல் புற்றால் அடைபட்டு வருந்தியவர். குடல் திறக்கப்பட்டது, அடைப்பு நீங்கியது, கழிவைத் தாங்க ஒரு கடற்பஞ்சை வைத்துக் கட்டினர். ஆயின் 28ஆம் நாள் அவர் இறந்தார். அடைப்பை உடைப்பதற்காக அறுவைக்கு முன் அவருக்குப் புகட்டியிருந்த ஏறத்தாழ 2 பவுண்டு பாதரசமே அவர் உயிரைக் குடித்தது என்பது பின்னர் தெரிந்தது.

1793இல் பிரெஸ்ட் துறைமுக நகரில் தியூரே என்னும் மருத்துவர், வழியின்றிப் பிறந்த ஒரு சிசுவுக்கு இடப்பக்கத்தில் குடலைத் திறந்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. லித்ரே கண்ட கனவு மெய்யாயிற்று. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, வண்டியிலிருந்து இறங்கும்போது முளைக்கொம்பு தைத்துக் குடல் கிழிந்த ஒருவருக்கும் பிரான்சில் இவ்வாறே திறப்பு அமைத்தனர். அவர் 81 வயது வரை வாழ்ந்தார் என்றும், சுருக்குக் கயிறு கோத்த ஒரு சிறு தோற்பையை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார் என்றும் குறிப்பு உண்டு. நம் வரலாற்றின் நாயகன் முதன்முதலாக மேடையேறுவது இங்கேதான். அறுவையைச் செய்த மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் நிற்கின்றன. சுருக்குப்பை தைக்கலாம் என்று முதலில் எண்ணிய கை எவருடையது என்பதற்கு நூல்களில் இடமில்லை.

19ஆம் நூற்றாண்டில் மயக்க மருந்து வந்தது; கிருமிநாசினி முறையும் வந்தது. அறுவை மேசையில் நோயாளி இறப்பது குறைந்தது. 1908இல் லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடல் புற்றை வயிற்று வழியாகவும் கீழ் வழியாகவும் அடியோடு அகற்றும் முறையை வெளியிட்டார். புற்றிலிருந்து பிழைப்போர் தொகை பெருகியது. அவர்கள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதற்குமான கொலாஸ்டமியும் உடன் வந்தது. ஆனால் பை மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. துணிச்சுருளும் பஞ்சும் கட்டினர். இடுப்பு வாரில் ரப்பர்க் கிண்ணம் கோத்து அணிந்தனர். அவை கசியும், நாறும், தோலை அரிக்கும். உயிரைக் காக்கும் கலை நூறு காதம் முன்னே சென்றிருக்க, மானத்தைக் காக்கும் கலை இன்னும் படி தாண்டவில்லை.

படி தாண்ட வைத்தவர்கள் யார் என்று பார்க்கும்போது ஓர் உண்மை வெளிப்படுகிறது. அவர்களிற் பலர் நோயாளிகள். அல்லது நோயாளிகளின் அருகிலேயே இருந்தவர்கள். சிகாகோ நகரில் ஸ்ட்ராஸ் என்னும் மருத்துவர் கோனிக் என்னும் வேதியியல் மாணவருக்குக் குடல் திறப்புச் செய்தார். அம்மாணவரே தமக்கென ஒரு ரப்பர்ப் பையை வகுத்து, ரப்பர்ப் பாலால் அதைத் தோலோடு ஒட்டும் வழியையும் கண்டார். 1940களில் அது ரட்சன் என்பவரின் தொழிற்கூடத்தில் உருவாகிப் பிறருக்கும் கிடைத்தது. வாரினால் தொங்கவிடாமல் தோலிலேயே ஒட்டி நிற்கும் பை என்பது அதற்குமுன் அரிய பொருள்.

1954இல் டென்மார்க்கு நாட்டில் எலிசே சோரென்சென் என்னும் செவிலியின் தங்கை தோராவுக்குக் கொலாஸ்டமி நடந்தது. தோராவுக்கு அப்போது வயது 32. பொது இடத்தில் கசிந்துவிடுமே என்று அஞ்சி அவர் வீட்டை விட்டு வெளியேற மறுத்தார். மட்டாஞ்சேரிப் பெரியவர் நமக்குச் சொன்ன அதே அச்சம், கடல் கடந்த ஊரில், வேறொரு மொழியில்! தங்கையின் துயரம் பொறாத எலிசே, ஒட்டும் வளையம் பொருந்திய மெல்லிய பிளாஸ்டிக் பையை எண்ணிக் கண்டார். அதனை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஆகே லூயி ஹான்சென் என்பவரை அணுகினார். அவர் முதலில் இசையவில்லை. அவருடைய மனைவி யோஹன்னே தாமும் செவிலிப் பயிற்சி பெற்றவர். அவரே கணவரை இசைய வைத்தார் என்பர். 1955இல் முதற்பைகள் உருவாயின. 1957இல் இதற்கென்றே கோலோபிளாஸ்ட் என்னும் நிறுவனம் தோன்றியது. ஓர் அக்காளின் கவலையும் ஒரு மனைவியின் வற்புறுத்தலும் சேர்ந்து உலகெங்கும் எத்தனையோ பேரைத் தெருவுக்குக் கொண்டுவந்தன.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கைச் செலுத்தியது ஒரு மரம். ஆந்திரம், மத்தியப் பிரதேசம் முதலான பகுதிகளின் வறண்ட காடுகளில், வெள்ளைப் பட்டையோடு நிலவொளியில் பேய் போல நிற்கும் மரம் ஒன்று உண்டு. ஸ்டெர்குலியா யூரென்ஸ் என்பது அதன் தாவரப் பெயர். அதன் பட்டையைக் கீறினால் வடியும் பிசினுக்குக் கராயா என்று பெயர். பழங்குடி மக்கள் அதனைத் திரட்டிவந்து விற்பர். 1956இல் விசாகப்பட்டினத்தில் தோன்றிய பழங்குடியினர் கூட்டுறவுக் கழகம் வாங்கும் காட்டுப் பொருள்களில் கராயாவும் ஒன்று. நீரைக் கண்டால் இப்பிசின் பன்மடங்கு ஊதும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே ஒட்டி நிற்கும். செயற்கைப் பல்வரிசையை ஈறோடு ஒட்டும் பொடியாக மேனாட்டில் இது விற்பனையாயிற்று. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் பணியாற்றிய ரூபர்ட் டர்ன்புல் என்னும் மருத்துவர், ஸ்டோமாவைச் சுற்றிப் புண்ணான தோலில் இப்பொடி ஒட்டிக் காப்பதைக் கண்டார். கராயா வளையங்கள் பிறந்தன. தோலைத் தின்னும் கழிவுக்கும் தோலுக்கும் இடையே முதன்முதலாக ஒரு வேலி எழுந்தது.

காட்டுப் பொருள் கடல் கடந்து, விலை உயர்ந்து, மருந்தாகித் திரும்பும் கதை கொச்சித் துறைக்குப் புதிதன்று. டச்சுக்காரர் காலத்தில் இங்கு ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரின் அறிவையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் மூன்று கொங்கணி வைத்தியர்களின் அறிவையும் துணைக்கொண்டு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மரத்தை அறிந்தவன் ஓரிடம், அதனை அச்சேற்றியவன் வேறிடம் என்பது அன்றும் நடந்தது. கராயாவைச் சுரண்டி எடுத்த பழங்குடிப் பெண்ணுக்கு அது எவருடைய வயிற்றில் ஒட்டப்போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. ஒட்டிக்கொண்டவருக்கும் அவளைத் தெரியாது.

டர்ன்புல் மற்றொன்றும் செய்தார். நார்மா கில் என்னும் பெண்மணிக்கு 1954இல் அவர் அறுவை செய்து உயிர் கொடுத்திருந்தார். நார்மா செவிலி அல்லர், இல்லத்தரசி. தம் உடம்பில் பட்டறிந்ததைக் கொண்டு பிற நோயாளிகளுக்குப் பை மாட்டக் கற்றுக்கொடுத்து வந்தார். 1958இல் டர்ன்புல் அவரை அழைத்து, மருத்துவமனையில் இதற்கென்றே பணியமர்த்தினார். 1961இல் இருவரும் சேர்ந்து இக்கலைக்கு ஒரு பள்ளியை நிறுவினர். உலகில் ஸ்டோமாவைப் பேணும் தனித்துறைச் செவிலியர் மரபு அங்கிருந்து கிளைத்தது. நியூயார்க்கில் 1951இலேயே மௌண்ட் சைனாய் மருத்துவமனை நோயாளிகள் ஒன்றுகூடிச் சங்கம் ஒன்று அமைத்திருந்தனர். நம் நாட்டிலும் 1970களில் மும்பையில் இத்தகைய சங்கம் தோன்றியது. தான் பட்ட பாட்டை மற்றவருக்குச் சொல்வதே இச்சங்கங்களின் முதன்மையான மருந்து.

1970களில் கராயாவுக்கு அடுத்த தலைமுறைப் பொருள் வந்தது. ஜெலட்டின், பழங்களிலிருந்து கிடைக்கும் பெக்டின், கார்பாக்சி மெதில் செல்லுலோஸ் முதலியவற்றை ரப்பர் போன்ற பசையில் குழைத்துச் செய்த தகடு அது. வியர்வையை உறிஞ்சும், தோலை உறுத்தாது, நாட்கணக்கில் ஒட்டி நிற்கும். இன்று மருத்துவமனையில் பேஸ் பிளேட் என்று சொல்லிக் கொடுப்பது இதன் வழிவந்ததே. பை அத்தகட்டோடு சேர்ந்தே வருவதும் உண்டு. தனியாக மாட்டிக் கழற்றும்படி வருவதும் உண்டு.

இனி மட்டாஞ்சேரிக்குத் திரும்புவோம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறையில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, 1999க்குப் பின் ஊர்மக்கள் தாமே நடத்தும் பணியாகப் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. அவ்வகையில் இந்திய மாநிலங்களுள் அதுவே முதலாவது. உள்ளாட்சி மன்றங்களின் துணையோடு செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். சாந்த்வன பரிசரணம் என்று மலையாளிகள் அதனை அழகாகச் சொல்வர். அவ்வாறு வந்த ஒரு செவிலி பெரியவரின் துணியை அவிழ்த்துப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை. “அப்பச்சா, குற்றம் பையிலும் இல்லை, உங்கள் உடம்பிலும் இல்லை. துளை பெரிதாகப் போயிற்று, தேங்காயெண்ணெயும் கூடப் போயிற்று” என்றார்.

அந்த ஒரு சொல்லில் முழு அறிவியலும் அடங்கியிருந்தது. தகட்டின் துளை ஸ்டோமாவைவிட மிகப் பெரிதாயிருந்தால், இடையே வெளிப்படும் தோலின் மேல் கழிவு படும். கழிவு பட்ட தோல் புண்ணாகும். புண்ணான தோல் நீர் கசியும். ஈரத்தோலில் தகடு ஒட்டாது. ஒட்டாத தகட்டின் கீழ் மீண்டும் கழிவு நுழையும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் தீய சுழல் இது. பெரியவரோ, புண் ஆற வேண்டும் என்று நம்மூர் வழக்கப்படி அவ்விடத்தில் தேங்காயெண்ணெய் தடவி வந்தார். எண்ணெய் தடவிய தோலில் எந்தப் பசை ஒட்டும்?

செவிலி மலையாளத்தில் சொன்னதையும் குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் சொன்னதையும் சேர்த்து நாம் அவருக்குத் தமிழில் எழுதிக் கொடுத்ததை நேயர்களுக்கும் சொல்லிவைப்போம். எழுதும்போது முதல் வரியிலேயே நம் பேனா நின்றது. அகராதி காட்டிய சொல்லைப் போட்டால் மலப்பை என்று வரும். தினந்தோறும் கண்ணாடியில் முகம் பார்க்கும் ஒருவர் கண்ணில் அச்சொல் பட வேண்டுமா? வெறுமனே பை என்றே எழுதினோம்.

பை மாற்றுவதற்குக் காலை வேளை, உணவுக்கு முன், உகந்தது. அப்போது குடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும். பழையதைக் கழற்றுமுன் புதியதை ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். புதிய தகடு, பை, அளவுத்தாள், கத்தரிக்கோல், வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி, பழையதைச் சுற்றிப் போடக் காகிதம் ஆகியன கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பதற்றம் வராது. பையில் உள்ளதை முதலில் கழிப்பறையில் கொட்டிவிட்டு, தகட்டை மேலிருந்து கீழாக மெல்ல உரிக்க வேண்டும். ஒரு கையால் தகட்டை விலக்கும்போது மறுகையால் தோலை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தல் கூடாது.

அடுத்து, வெறும் நீரால் கழுவித் துணியால் ஒற்றியெடுத்து நன்கு உலர்த்த வேண்டும். டெட்டால் வேண்டா, வாசனைச் சோப்பு வேண்டா, எண்ணெயும் முகப்பவுடரும் அறவே வேண்டா. கழுவும்போது ஸ்டோமாவில் ஓரிரு துளி இரத்தம் கசிவதுண்டு. அது நம் வாயின் உட்புறத்தைப் போன்ற மெல்லிய தசை, அஞ்சற்க. அதற்குத் தொடுவலி இல்லை. வலியும் எரிச்சலும் சுற்றியுள்ள தோலுக்கே உண்டு. ஆதலின் தோலைக் காப்பதே முழுக் கவனமாக இருக்க வேண்டும்.

துளையை ஸ்டோமாவின் அளவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். அறுவைக்குப் பின் முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வற்றி ஸ்டோமா சிறுத்துக்கொண்டே வரும். முதல் வாரத்தில் வெட்டிய அளவையே பின்னரும் வெட்டிக்கொண்டிருப்பதே பலர் செய்யும் பிழை. பெரியவர் செய்ததும் அதுவே. தகட்டை உள்ளங்கைகளுக்கிடையே சற்று நேரம் வைத்தால் உடற்சூட்டில் பசை இளகும். பின்னர் கீழ்ப்புறத்திலிருந்து மேலாகச் சுருக்கமின்றி ஒட்டி, ஒரு நிமிடமேனும் கையை அதன்மேல் வைத்திருக்க வேண்டும். தோலில் மடிப்போ குழியோ இருந்தால் அதனை நிரப்பத் தனிப் பசை உண்டு. கடைசியாகப் பையின் அடிவாயைக் கவ்வியால் மூட மறத்தலாகாது!

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கொட்டிவிடுவது நன்று; பாரம் ஏறினால் தகடு பெயரும். தகட்டைப் பொதுவாக 3 முதல் 5 நாட்களுக்கு ஒருமுறை மாற்றலாம். கொச்சியின் புழுக்கத்திலும் இடவப்பாதி மழைக்காலத்திலும் வியர்வை பசையை விரைவில் தளர்த்தும். அப்போது இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டி வரும். நமைச்சலோ எரிச்சலோ தகட்டின் அடியில் தோன்றினால், நாள் கணக்கைப் பாராமல் உடனே கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், இரத்தம் நிற்காமல் வந்தாலும், வயிற்றுவலியோடு கழிவு அடியோடு நின்றாலும், தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உணவில் பெரிய தடை ஏதும் இல்லை. நன்கு மென்று உண்ண வேண்டும். வெங்காயம், முட்டைக்கோசு, பயறு வகைகள் சிலருக்கு வாயுவை மிகுவிக்கும். அவரவர் உடம்பைப் பார்த்து அளவு செய்துகொள்ளலாம். மோர் நாற்றத்தைக் குறைக்கும் என்று அனுபவசாலிகள் கூறுவர். குளிப்பதற்கும் நடப்பதற்கும் வழிபாட்டுக்குச் செல்வதற்கும் பை தடையன்று.

அறுவைக்கு நாள் குறித்திருப்போர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டோமா எவ்விடத்தில் அமைய வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே வயிற்றில் மையால் குறித்துக்கொள்வது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம். குறிக்கும்போது நோயாளியைப் படுக்கவைத்து மட்டும் பார்த்தால் போதாது. வேட்டியோ முண்டோ சேலையோ கட்டும் இடம் எது, சம்மணமிட்டு அமரும்போது வயிறு எங்கே மடிகிறது என்பனவற்றையும் பார்க்க வேண்டும். மேனாட்டு நூலில் நாற்காலியும் காற்சட்டையும் இருக்கும். நம் வீட்டில் பாயும் வேட்டியும் இருக்கின்றன. இதைக் கேட்டு நினைவூட்டும் உரிமை நோயாளிக்கும் உறவினர்க்கும் உண்டு.

பொருளின் விலை எளியோர்க்கு இன்றும் சுமையே. பையை வாங்க இயலாமல் துணியையும் சாதாரண பிளாஸ்டிக் உறையையும் கட்டிக்கொள்வோர் நம்மிடையே உள்ளனர். 2022 ஜூலை 18ஆம் நாள் முதல் இப்பொருள்கள் மீதான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பை, தகடு, பசை, காப்புக் களிம்பு, வார் என்று ஒவ்வொன்றாக அவ்வறிவிப்பு பெயர் சொல்லிற்று. அரசாங்கத் தாள்களோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கு அந்த ஒரு வரி மகிழ்ச்சி தந்தது. இச்சொற்கள் அரசு அறிவிப்பில் இடம்பெறுவதே, இவற்றை அணிந்து வாழும் மனிதர்கள் உள்ளனர் என்பதை நாடு ஒப்புக்கொண்டதற்கு ஒரு சான்று.

பெரியவரின் புண் மூன்று வாரத்தில் ஆறியது. முதலில் செவிலி மாற்றினார். பின்னர் மருமகள் உடனிருக்க அவரே மாற்றினார். அதன் பின் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே மாற்றலானார். நாற்பது ஆண்டு கணக்கெழுதிய பழக்கம் விடவில்லை. எந்நாளில் தகடு மாற்றினார், எத்தனை நாள் நின்றது என்று ஒரு சிறு குறிப்பேட்டில் வரவு வைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஆவணியில் பேத்தி முறையில் ஒரு பெண்ணுக்கு மணம் நடந்தது. பந்தியில் நம் பக்கத்து இலையில் அவர் அமர்ந்திருந்தார். பாயசம் பரிமாற வந்த இளைஞன் அவரைத் தாண்டிச் செல்ல முற்பட்டபோது, “இங்கேயும் விடப்பா” என்று இலையைக் காட்டினார்.

இதனைக் கேட்கும் நேயர்களின் இல்லத்தில் இத்தகையவர் ஒருவர் இருக்கக்கூடும். அறையின் கதவு சாத்தியே கிடந்தால், அவர் ஓய்வெடுக்கிறார் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். அருகில் சென்று அமருங்கள். துளையின் அளவைக் கேளுங்கள். தோல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். செவிலியை அழைத்து வாருங்கள். ஓர் அக்காள் தன் தங்கைக்காகச் செய்தது இதுவே.